கல்லூரியின் பின் கதவு

பிரெஞ்சு பேசுகிற இந்த நகரத்தில் ஏழு கல்லூரிகளுக்குள் நான் போய் வந்திருக்கிறேன். ஏழிலும் பின் கதவால். துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள ஒரு பண்டகசாலையில் காலையில் மரக்கறி, பால், முட்டை, தயிர் எல்லாவற்றையும் ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போய், கல்லூரிச் சமையலறைகளில் இறக்குவது என் வேலை. பதினாறு வருடமாகச் செய்கிறேன். ஊரில் ஓ.எல். என்கிற பள்ளிச் சோதனை எழுதியதோடு என் படிப்பு நின்றுவிட்டது. அதனால் கல்லூரி என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்தப் பின் கதவுகள்தான்.

இதை எழுதச் சொன்னது என் மகள். "செகண்டரி முடிக்கப்போற பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ அப்பா. நான் சொன்னால் கேக்காயினம்" என்றாள். நான் சொன்னால் மட்டும் கேட்பீர்களா என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான். இங்கே பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். பல்கலைக்கழகத்துக்கு முன்னால் சீஜெப் என்கிற கல்லூரி. குளிர்காலம் முடிவதற்குள் விண்ணப்பம் போட வேண்டும். நாங்கள் போட்ட முறையில் முதல் சுற்றில் ஒரே ஒரு கல்லூரியைத்தான் எழுதலாம். ஒன்றுதான் என்றதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மகளுக்கு விருப்பம், கிழக்குப் பக்கம் இருக்கிற ஒரு பழைய பிரெஞ்சுக் கல்லூரி. அங்கே மருத்துவ ஆய்வுகூட வேலைக்கு மூன்று வருடப் படிப்பு இருந்தது. இரத்தம் சோதிப்பது, கிருமி பார்ப்பது. எனக்கோ அந்தக் கல்லூரியின் பெயரைக் கேட்டாலே முழங்கால் நோகும். அதன் பின்பக்கச் சரிவில் முட்டைப் பெட்டியோடு விழுந்தவன் நான். அங்கே பனியை ஒருவரும் வழிக்க மாட்டார்கள். சாமான் லிஃப்ட் பாதி நாள் ஓடாது. கையெழுத்துப் போட ஆளைத் தேடித் திரிய வேண்டும்.

டவுன்டவுனில் நான் போகிற கல்லூரி அப்படியல்ல. சாமான் இறக்கும் இடத்தில் ஹீட்டர் பூட்டியிருக்கிறார்கள். சமையற்காரர் ஒவ்வொரு தரமும் போன்ஜூர், மெர்சி சொல்லுவார். பிள்ளைகள் சாப்பிட்ட தட்டைத் தாங்களே கொண்டுவந்து அடுக்கிவிட்டுப் போவார்கள். ஆங்கிலக் கல்லூரி, நாளைக்கு ரொறன்ரோவுக்குப் போனாலும் உதவும். அங்கே இரண்டு வருடம் விஞ்ஞானம் படித்துவிட்டு நேரே பல்கலைக்கழகம் போகலாம். கையால் செய்கிற வேலை என்னோடு முடியட்டும் என்றும் மனதுக்குள் ஓர் எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது, இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்து முடித்த ஓர் அண்ணையிடம் கேட்டேன்.

"எந்தக் கொலிஜ் நல்லதெண்டு என்னட்டைக் கேக்கிறாய். எல்லாத்துக்கும் போறவன் நீயெல்லோ."

"நான் குசினிக்குத்தானே அண்ணை போறன்."

"அப்ப கத்தரிக்காயிட்டைக் கேள்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குத் தெரியும் என்றுதான் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் மகள் கேட்டாள். "அங்கை வகுப்பெல்லாம் எப்பிடி இருக்கும் அப்பா?"

"கிழமைக்கு ரெண்டு தரம் போறன் பிள்ளை. நல்ல இடம். அவ்வளவு துப்பரவு."

"துப்பரவு படிக்கவே போறன்?"

விண்ணப்பத்தில் நான் சொன்ன பெயரை எழுதினாள். இடம் கிடைத்தது. அவள் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஓகஸ்ட் கடைசியில் வகுப்புத் தொடங்கியது. நான் செவ்வாயும் வெள்ளியும் பதினொன்றரை மணிக்கு அங்கே சாமான் இறக்குவேன். சமையலறைக் கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி இருக்கிறது. அதற்குள்ளால் பார்த்தால் சாப்பாட்டுக்கூடம் தெரியும். முதல் செவ்வாயே பார்த்தேன். குளிர்பான மெஷினுக்குப் பக்கத்து மேசையில் மகள் இருந்தாள். முன்னால் புத்தகம். என் பிள்ளை இந்தக் கட்டடத்தில் படிக்கிறாள் என்று தள்ளுவண்டியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். சமையற்காரர் என்னைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

வெள்ளியும் அதே மேசையில் இருந்தாள். அடுத்த கிழமையும் அப்படித்தான். படிக்கிறாள், நல்லது என்று நினைத்தேன். சுற்றிவர ஆறு பேர், எட்டுப் பேர் என்று மேசைகள் இரைந்துகொண்டிருந்தன. அவளுடைய மேசையில் மட்டும் மற்றக் கதிரைகளை யாரோ இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஒக்டோபரில்தான் புத்தகத்தில் பக்கம் புரளவில்லை என்பதைக் கண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். மெல்லுவதற்குத் தவிர வாய் அசையவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறாள் போல என்றால், முகத்திலும் ஓர் அசைவு இல்லை. தள்ளுவண்டியை விட்டுக் கண்ணாடிக்குக் கிட்டப் போனேன். ஏனென்றால் அது என் பழக்கம். பண்டகசாலையில் மற்றவர்கள் கூட்டமாக இருந்து சாப்பிடும்போது நான் ட்ரக்குக்குள் இருந்து சாப்பிடுவேன். என்னுடைய பிரெஞ்சுக்கு ஒரு பகிடி முடிவதற்குள் பொருள் பிடிபடாது. கண்ணாடிக்குள்ளால் யாராவது பார்த்தால் தனியாக இருக்கிறான் என்று நினைக்கக்கூடாது என்பதற்காகக் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொள்வேன். மறுபக்கத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

நான் அவளுடைய இலக்கத்தை அழுத்தினேன். அவளுடைய காதிலேயே அது அடித்தது. திடுக்கிட்டு எடுத்தாள்.

"என்னப்பா?"

"ஒண்டுமில்லை. சாப்பிட்டியோ?"

"ஓம், சாப்பிடுறன். பிரெண்ட்ஸோடை இருக்கிறன். பேந்து எடுக்கட்டே?"

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவளைப் பார்த்துக்கொண்டே "சரி பிள்ளை" என்றேன். கதவைத் தள்ளினால் இருபது அடி. நான் தள்ளவில்லை. பொய்யைப் பிடித்ததாகிவிடும் என்று பயந்தேன். தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த கல்லூரிக்குப் போனேன்.

ஒரு மாதம் அதை மனதில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மனைவிக்குப் பின்னேர வேலை. நான் வீட்டுக்கு வர அவள் புறப்பட்டுவிடுவாள். ஒரு வீட்டில் மூன்று பேர் மூன்று நேரத்தில் சாப்பிடுகிற குடும்பம் எங்களுடையது. சொல்ல இடம் கிடைத்தது ஒரு சனிக்கிழமை, செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் காருக்குப் பனி டயர் மாற்ற கராஜ் வாசலில் வரிசையில் நின்றபோது. மகள் பக்கத்தில் இருந்தாள். அவளைப் பற்றி நான் தொடங்கவில்லை. என்னைப் பற்றிச் சொன்னேன். ட்ரக், சாப்பாடு, காதில் வைக்கிற ஃபோன் எல்லாம்.

அவள் முன்னால் நின்ற காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பவிருந்து என்னைப் பாக்கிறியள்?"

"முதல் கிழமையிலிருந்து."

"ஏன் வெளியாலை வரேல்லை?"

முன்னால் கார் நகர்ந்தது, நானும் நகர்த்தினேன்.

பிறகு அவளே சொன்னாள். மற்றவர்கள் எல்லாரும் ஒரே பள்ளிக்கூடங்களிலிருந்து கூட்டமாக வந்திருந்தார்கள். இவள் பதினொரு வருடம் பிரெஞ்சில் படித்தவள்; ஆங்கிலத்தில் வாய் திறக்க ஒரு நொடி பிந்தும், அதற்குள் கதை வேறெங்கேயோ போய்விடும். பாடம் விளங்கியது. ஆனால் அது அவள் கேட்ட பாடம் அல்ல.

"இரத்தம் பாக்கிறதுதான் எனக்கு விருப்பம் அப்பா. அப்பவும் சொன்னனான்."

"ஓம். சொன்னனீ."

அடுத்த கிழமை அவள் கல்லூரி ஆலோசகரின் கதவைத் தட்டினாள். மூன்று மாதமாக அந்தக் கதவைக் கடந்து போனவள்தான். உடற்பயிற்சி போன்ற பொதுப் பாடங்களில் பல, கல்லூரி மாறினாலும் கூடவே வரும் என்று அவர் சொன்னார். அது தெரிந்ததும் அவளுக்கு ஒரு பிடி கிடைத்தது. அந்த வருடத்தை வீணாக்காமல் அந்தப் பாடங்களில் முடிந்தவற்றை எடுத்து முடித்தாள். விளங்காத இடத்தை ஆசிரியரின் அறைக்குப் போய்க் கேட்டாள். அங்கே அவளுக்குக் கடைசிவரை நண்பர்கள் என்று பெரிதாக வரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த மேசையை விட்டு எழும்பிவிட்டாள்.

குளிர்காலத்தில் கிழக்குக் கல்லூரியைப் பார்க்கப் போனோம். எல்லாரும் வந்து பார்க்கிற நாளில் அல்ல. கேட்டு அனுமதி வாங்கி, வகுப்பு நடக்கிற ஒரு சாதாரண வியாழக்கிழமையில். அது அவளுடைய யோசனை. காரை நிறுத்தியதும் என் கால் தன்பாட்டில் பின்பக்கச் சரிவுக்குப் போனது.

"அப்பா, முன்பக்கத்தாலை."

அத்தனை வருடத்தில் முதல் தரம் ஒரு கல்லூரியின் முன் கதவால் போனேன். மேலே ஆய்வுகூடத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக ஒரு நுணுக்குக்காட்டியைப் பங்குபோட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை தள்ளி நின்று மகளுக்கு இடம் விட்டாள். மகள் குனிந்து பார்த்தாள். பிறகு கேள்வி கேட்கத் தொடங்கினாள், பிரெஞ்சில், நிற்காமல். நான் அவளுடைய குளிர்க் கோட்டை வாங்கி வைத்துக்கொண்டு சுவரோடு நின்றேன். இவ்வளவு கதைப்பாளா என்று இருந்தது.

அடுத்த ஓகஸ்டில் அந்தக் கல்லூரிக்கு மாறினாள்; இப்போது அங்கே இரண்டாம் வருடம். புதன்கிழமைகளில் நான் அங்கேயும் சாமான் இறக்குகிறேன். சரிவில் பனி இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. சமையலறை வாசலில் நின்று ஒவ்வொரு தரமும் எட்டிப் பார்ப்பேன். அவள் இருக்க மாட்டாள். அவர்களுடைய கூட்டம் ஆய்வுகூடத்துக்குப் பக்கத்தில் மேலே சாப்பிடுகிறதாம். நல்லது என்று சொல்லிக்கொண்டு வந்து ட்ரக்கில் ஏறுவேன். ஆனாலும் அடுத்த புதன் திரும்பவும் எட்டிப் பார்ப்பேன்.

போன புதன் அங்கேயே நிறுத்திச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, வழக்கம்போல் கைப்பேசியைக் காதில் வைத்தேன். அது அடித்தது.

"சாப்பிட்டியளோ அப்பா?"

"சாப்பிடப்போறன்."

"ஆரோடை?"

கொஞ்சம் யோசித்தேன். "தனியத்தான்."

"எனக்கு அஞ்சு நிமிசம் இருக்கு. வையாதேங்கோ, சாப்பிடுங்கோ."

அவள் ஏதோ கிருமியின் பெயர் சொன்னாள், எனக்குப் பிடிபடவில்லை. பின்னால் சிரிப்புச் சத்தமும் கதிரை இழுபடுகிற சத்தமும் கேட்டன. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "போட்டு வாறன் அப்பா" என்று வைத்துவிட்டாள்.

சாப்பிட்டு முடியும்வரை நான் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.