ஏலக்காய் மணந்த பியானோ

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மீனாட்சிபுரத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது என் பிழைப்பு. பால் கறக்கிற ஊரில் இப்படியும் ஒரு பிழைப்பா என்று கேட்காதவர் இல்லை. அன்றைக்குக் கண்டக்டரின் முறை.

"ஏனுங்க, பொட்டில என்னங்க? மாட்டுக்கு ஊசி போடற சாமானுங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கி முடிப்பதற்குள் பொள்ளாச்சி வந்துவிடும்.

பழனி, தேனி, கம்பம் என்று பஸ் மாறிக் குமுளியில் இறங்கும்போது மணி மூன்றரை. விடாத மழை. டீ பதினைந்து ரூபாய். சக்குபள்ளம் ஜீப்பில் ஆளுக்கு நாற்பது.

நான் போனது ஏலத்தோட்டக் கங்காணி முருகையாவின் மகள் தேன்மொழிக்காக. சென்னையில் ஓர் இசைக் கல்லூரியில் சேர, அவள் பியானோ வாசிப்பதைப் படம் பிடித்து மறுநாள் மாலைக்குள் அனுப்ப வேண்டும். கீபோர்டு கூடாது, அசல் பியானோதான். தோட்டத்துப் பழைய முதலாளியம்மா விட்டுப்போன ஒன்று அவர்கள் வீட்டில் இருந்தது. மழை ஈரத்தில் கட்டைகள் ஒட்டிக்கொண்டன என்று முருகையா போன் செய்திருந்தார்.

"பிள்ள என்ன பாட்டு சார் வாசிக்குது? சினிமாவா?" என்றார் ஜீப் டிரைவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை என்றேன். அதற்கு முந்தியவர்கள் அளந்து, ஒழுங்காக எழுதினார்கள். ரொமாண்டிக் என்று பேர் வாங்கிய இவர்கள் மனதில் இருந்ததை அப்படியே கொட்டினார்கள்: இரவு, சாவு, ஊர் ஏக்கம். தாளம்கூட மனம் இழுக்கிற பக்கம் நீளும். சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியாமல் பாரிஸில் செத்துப்போன போலந்துக்காரர் ஒருவரின் இராப்பாட்டைத்தான் அவள் வாசிக்கப்போகிறாள்.

"அப்ப எஸ்டேட் பாட்டுன்னு சொல்லுங்க" என்றார் அவர்.

நாலரைக்குப் போய்ச் சேர்ந்தேன். பியானோவின் மூடியைத் திறந்ததும் குப்பென்று ஏலக்காய் வாசனை. சிரித்துவிட்டேன்.

"நீங்க வாரதுக்குள்ள ஈரத்த எடுத்துருவோம்னு நாலு பேரா தூக்கிட்டுப்போயி ஸ்டோர்ல வச்சோம் சார்" என்றார் முருகையா பெருமையாக. ஸ்டோர் என்றால் ஏலக்காய் உலர்த்தும் சூட்டறை. "அம்பது டிகிரி. ஒரு நா முழுக்க. இப்ப ஒரு கட்டையும் ஒட்டல பாருங்க."

என் சிரிப்பு நின்றது. உள்ளே ஒலிப்பலகை நெடுக விரிசல். தந்திகளை இழுத்துப் பிடிக்கும் ஆணிகள் உலர்ந்த மரத்தில் ஆடின. முறுக்க முறுக்க நழுவின. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. இருட்டும்வரை போராடினேன். இது இனி பிழைக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன சார் ஆச்சு?" என்றார்.

வாயைத் திறந்தேன். தேன்மொழி முந்திக்கொண்டாள். "பழைய பியானோப்பா. வெடிப்பு முன்னாடியே இருந்துச்சு. அப்படித்தான சார்?"

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றேன்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு வாசித்தாள். முருகையா போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது கையின் கீழ்ச் சுரங்கள் கரகரத்தன. பாட்டு ஏங்கி நீள வேண்டிய இடத்தில் சுருதி இறங்கி அழுதது. ஓர் இடத்திலும் அவள் விரல் தவறவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேறு பியானோவுக்கு நேரமும் இல்லை. அதையே அனுப்பினார்கள்.

ஜீப்வரை முருகையா குடை பிடித்து வந்தார். மகள் காதுக்கு எட்டாத தூரம் வந்ததும் நின்றார்.

"சூட்டுலதான போச்சு? நேத்தே தெரிஞ்சுருச்சு சார். வெடிப்புக்குள்ள மரம் வெள்ளையா புதுசா இருக்கே. பிள்ளைகிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லிறாதீங்க. எனக்காகத்தான் பொய் சொல்லுச்சு. அப்படியே இருக்கட்டும்."

அன்று மாலை ஆறரைக்கு மீனாட்சிபுரம். இங்கே மழையே இல்லை, காய்ந்த காற்று. என் வீட்டுப் பியானோ சுருதி பிசகாமல் நிற்கிறது. வாசிக்கத்தான் ஆள் இல்லை.

மூன்று வாரம் கழித்துத் தேன்மொழி போன் செய்தாள். கல்லூரியில் எடுக்கவில்லை.

"நான்தான் நடுவுல தப்பா வாசிச்சுட்டேன்னு அப்பாகிட்ட சொல்லிருக்கேன் சார். கேட்டா நீங்களும் அப்படியே சொல்லுங்க."

சரி என்று மட்டும் சொன்னேன்.