சாலமனின் முப்பது சலவை

பத்தொன்பதாவது முறையாக அதே சட்டையை வாளியிலிருந்து தூக்கி உதறுகிறார் சாலமன். மரக்காணத்து போர்வெல் உப்புத் தண்ணீர், வாயில் பட்டால் துப்பத்தான் வேண்டும். சட்டையைக் கொடியில் போட்டு, கிளிப் மாட்டி, சின்ன நோட்டை எடுத்து ஒரு கோடு போடுகிறார். எதிரே உப்பளம். அங்கே வேலைக்குப் போகிறவர்கள் முதல் வாரம் நின்று பார்த்தார்கள். இப்போது திரும்புவதுகூட இல்லை. மனிதருக்கு ஏதோ வேண்டுதல் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அவர் மனைவி இன்னாசிமேரிக்குத்தான் இன்னும் ஆறவில்லை. "கட்டுன பொண்டாட்டி பொடவைய ஒரு நாளு அலசிக் குடுத்திருப்பாரா? எவனோ வெள்ளக்காரன் போடப்போற சட்டைக்கு முப்பது தடவ" என்று பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் நியாயம் கேட்டார். என் மனைவியும் அப்போது வாசலில் நின்றதால் நான் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை.

பொம்மையார்பாளையம் தொடங்கி இந்தப் பக்கம் வரை எட்டு மெஷின், பத்து மெஷின் போட்டு வெளிநாட்டுக்குத் துணி தைத்து அனுப்புகிற சின்ன யூனிட்டுகள் இருக்கின்றன. வாங்குகிறவர்கள் ஐரோப்பாக் கடைக்காரர்கள். பூமியை அழித்தது போதும் என்று அங்கே ஞானம் பிறந்துவிட்டது, சட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. வருவதற்கு முன்பே கடைக்காரர்கள் பயந்துபோய் இங்கே கேள்வித்தாள் அனுப்புகிறார்கள். எந்த ஊர்ப் பருத்தி, என்ன சாயம், எத்தனை சலவை தாங்கும், பழசானால் மறுபடி நூலாக்க முடியுமா, எல்லாவற்றையும் எழுதி ஒரு க்யூஆர் கோடாக்கிக் கழுத்துப் பட்டியில் தைத்து அனுப்ப வேண்டுமாம். துணிக்குப் பாஸ்போர்ட். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அது கிடையாது.

இந்தப் பாஸ்போர்ட் வேலையைச் செய்து தருகிறவர்தான் சாலமன். தாம்பரம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபத்தாறு வருடம் துணி செக் பண்ணியவர். சிகரெட் பழக்கம் இல்லை, ஆனால் தீப்பெட்டி இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். ஒரு ஞானஸ்நான விருந்தில் என் புதுச் சட்டையைச் சுத்தக் காட்டன் என்று கொஞ்சம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி, அங்கேயே கொளுத்தினார். "காட்டனா இருந்தா சாம்பலாயிடும். இது உருண்டயா நிக்குது பாருங்க. நல்லா ஏமாத்திட்டான் சார்." அதற்குமேல் எனக்குப் பிரியாணி இறங்கவில்லை.

கேள்வித்தாள்களோடு அவர் மல்லுக்கட்டுவது தனி வேடிக்கை. 'கிழிந்தால் தைத்து உடுத்த முடியுமா?' என்று ஒரு கேள்வி. "தைக்காம தூக்கிப் போடறவன் யாருன்னு மொதல்ல அவன அவன் ஊர்ல கேக்கச் சொல்லு" என்று முனகிக்கொண்டே 'முடியும்' என்று எழுதுவார். வெட்டிய துணி மிச்சம் எங்கே போகிறது என்பதற்கு, 'படகு எஞ்சின் துடைக்க' என்று எழுதி அனுப்பினார். அந்தப் பதிலைப் பாராட்டி மெயில் வந்தது. இரண்டு நாள் அவரிடம் யாரும் பேச முடியவில்லை.

இதே வேலையைச் சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து, சட்டையைக் கண்ணால்கூடப் பார்க்காமல், முப்பது சலவை தாங்கும் என்று பத்து நிமிடத்தில் எழுதித் தருகிற புண்ணியவான்கள் உண்டு. நம் ஆள் முப்பது நாள் அலசுவார். "இந்த உப்புத் தண்ணில நின்னுச்சுன்னா எந்தத் தண்ணிலயும் நிக்கும்" என்பது அவருடைய விஞ்ஞானம்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, இதற்கு முந்தைய சட்டையின் இருபத்தேழாவது சலவையில், அந்த விஞ்ஞானம் அவரையே பதம் பார்த்தது. சட்டையின் அக்குள் தையல் நாலு விரல் அகலத்துக்கு விட்டிருந்தது. அதைக் கொடியிலிருந்து உருவிப் பையில் போட்டார். சாப்பிடாமல் மொபெட்டை எடுத்தார். வேடிக்கை பார்க்கிற புத்தி, நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

அனுமந்தையில் பதினோரு மெஷின் வைத்து நடத்துகிற சாமுண்டீஸ்வரியின் சட்டை அது. அதே மாதிரி நானூறு தைத்து, மடித்து, அட்டைப்பெட்டியில் அடுக்கியாயிற்று. சனிக்கிழமை லாரி. சாலமன் பிரிந்த தையலைக் காட்டினார். அந்தம்மா பார்த்துவிட்டு அமைதியாகத்தான் பேசினார்.

"அந்தப் பேப்பர்ல ஒரு டிக்கு. அவ்ளோதானண்ணே? அவன் ஊர்ல உப்புத் தண்ணியா ஓடுது? இந்த ஆர்டர் போச்சுன்னா மெஷின மூடிட்டு இவளுங்க எல்லாம் உப்பளத்துக்குத்தான் போவணும். நானுந்தான்."

மெஷின்கள் நின்றுவிட்டன. பதினோரு பெண்களும் சாலமனையே பார்த்தார்கள். எனக்கு அந்தம்மா சொல்வது சரியாகப் பட்டது. நானாக இருந்தால் டிக் போட்டுவிட்டு ஒரு டீயும் கேட்டிருப்பேன்.

"பாலியஸ்டர் நூலு வேணாம், சட்டை முழுக்க ஒரே பருத்தியா இருந்தாத்தான் திரும்ப நூலாக்க முடியும்னு மாத்தச் சொன்னது நானு" என்றார் சாலமன். "தடிச்ச பருத்தி நூலு போட்டு முன்ன ஒண்ணு அலசிப் பாத்திருக்கேன், முப்பதும் நின்னுச்சு. உனக்கு மெல்லிசே போதும்னு வாயில வந்தத சொல்லிட்டேன். தப்பு உன்னுது இல்லம்மா, என்னுது."

"தப்பு யாருதா இருந்தா என்னாண்ணே, லாரி சனிக்கெழம வருது" என்றார் சாமுண்டீஸ்வரி. எனக்கே சங்கடமாக இருந்தது.

சாலமன் மெஷின் மேலிருந்த பாதி பிளேடு ஒன்றை எடுத்துக்கொண்டு, வெட்டுத்துணிக் குப்பை நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு பெட்டியைப் பிரித்து மேலிருந்த சட்டையை எடுத்தார். தேய்த்து, மடித்து, கழுத்தில் பாஸ்போர்ட் தைத்த சட்டை. அதை உள்பக்கம் திருப்பி அக்குள் தையலை அறுக்க ஆரம்பித்தார். சாமுண்டீஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தடி நூலு எவகிட்டடி இருக்குது, எடுங்க" என்றார். இரண்டு மெஷின் ஓடத் தொடங்கியது.

நானூறு சட்டை என்றால் எண்ணூறு கை. முதல் சட்டையின் இரண்டு கையையும் பிரித்து ஓரமாக வைத்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலே அடுத்த சட்டைக்காக என் பக்கம் கையை நீட்டினார் சாலமன்.