நாலு பையன்காரியின் பக்குவம்

எனக்கு மீசை முளைத்து, அதைத் தினமும் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளும் வயது வந்த பிறகும் வீட்டில் என்னைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம் அம்மா. மூன்று பையன்களுக்குப் பிறகு நான்காவது முறை உண்டானபோது, இது பெண்தான் என்று முடிவுகட்டி, வயிற்றைத் தடவிப் 'பாப்பா, பாப்பா' என்று பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். பிறந்தவன் நான். வாய்க்குப் பழகிவிட்ட பெயரை மாற்ற அவளுக்கு நேரமில்லை. சட்டை, செருப்பு, பள்ளிப் பை எல்லாம் அண்ணன்கள் போட்டுத் தேய்ந்த பிறகுதான் என்னிடம் வரும். எனக்கென்று புதிதாகக் கிடைத்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

அம்மா பெண் குழந்தைகளுக்கு ஃபிராக் தைப்பவள். எங்கள் முன்னறை முழுக்க அவள் ராஜ்ஜியம்: ஜன்னலோரம் தையல் மெஷின், துணி வெட்டுகிற மேஜை, காலில் குத்தும் குண்டூசிகள், மூலையில் பிசிறுத் துணி மூட்டை. இடுப்புச் சுருக்கு ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று பார்க்க, சின்ன வயதில் என்னைத்தான் மாட்டி நிற்கவைப்பாள். தன் வீட்டில் ஒருவருக்கும் உதவாத உடுப்பை வருடக்கணக்காகத் தைத்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு உள்ளுக்குள் வலித்தது. சொல்லிக்காட்டுகிற ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பெண் பிள்ளைக்காக அவள் செய்யாதது பாக்கியில்லை. இனிப்புத் தின்றால் பெண், உப்பும் உறைப்பும் தின்றால் பையன் என்று யாரோ சொல்ல, நான்கு முறையும் இனிப்பாகத் தின்றாள். இடப்பக்கமாகவே படுத்தாள். மோதிரத்தை நூலில் கட்டி வயிற்றுக்கு மேலே தொங்கவிட்டுப் பார்த்தாள். அது நான்கு முறையும் வட்டமடித்து 'பெண்' என்றது. மோதிரத்துக்கு மானம் ரோஷம் இருந்திருந்தால் இரண்டாவது தடவையே நிறுத்தியிருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தெருவில் அம்மாவுக்கு 'நாலு பையன்காரி' என்று பெரிய பெயர். பையனுக்கு ஏங்குகிறவர்கள் ஃபிராக் தைக்கிற சாக்கில் வந்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, அந்தப் பக்குவத்தைக் கொஞ்சம் சொல்லுங்க" என்பார்கள்.

"நான் பொண்ணு வேணும்னுதாங்க இதெல்லாம் பண்ணேன்" என்று அம்மா சொல்லிப் பார்த்தாள்.

"எதுக்குப் பண்ணா என்னக்கா, வந்தது பையன்தானே?"

கடைசியில் அம்மா இனிப்பு, இடப்பக்கம் என்று ஒப்பித்து அனுப்பிவிடுவாள். பாதிப் பேருக்குப் பையன் பிறந்தது. அவர்கள் வந்து நன்றி சொன்னார்கள். மீதிப் பாதி அந்தப் பக்கமே வரவில்லை. புகழ் என்பது பெரும்பாலும் இப்படித்தான் வளர்கிறது என்று நினைக்கிறேன்.

அடுத்த தெருவில் சித்தப்பா வீடு. வேன் ஓட்டுகிறவர். இரண்டு பெண் குழந்தைகள். சித்தி மூன்றாவதாக உண்டானதும், "இதுவும் பொண்ணுன்னா உங்கம்மா வீட்டுலயே இருந்துக்க" என்று சொல்லிவிட்டார். கோபத்தில் சொல்லவில்லை, சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அதனால்தான் சித்தி நடுங்கிப்போனாள். நான்காம் மாதம் அம்மாவிடம் வந்து பக்குவம் கேட்டாள். அம்மாவும் வழக்கம்போலச் சொல்லிவைத்தாள்.

மற்றவர்கள் ஏதோ பேருக்குச் செய்வார்கள். சித்தி அதை மருந்துபோலச் செய்தாள். கேக், மிட்டாய், சர்க்கரை கரைத்த தண்ணீர் என்று திகட்டத் திகட்ட உள்ளே தள்ளினாள். ஏழாம் மாதம் ஒருநாள் எங்கள் முன்னறையில் உட்கார்ந்து ஃபிராக்குக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தவள், கண் மங்குகிறது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றாள். எழுந்தாள். அப்படியே பிசிறு மூட்டைமேல் சாய்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா, சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, இப்படியே விட்டிருந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றார். "அப்படி என்னதாம்மா சாப்பிட்டே?"

சித்தி அம்மாவைப் பார்த்தாள். "அக்கா சொன்னதுதான்."

அம்மாவின் முகம் செத்துவிட்டது. டாக்டரம்மா திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். ஆணா பெண்ணா என்பது கரு உண்டாகும்போதே முடிந்துபோகிறது. பிறகு தின்பதும் படுப்பதும் அதை மாற்றாது. தாயிடம் கொடுப்பதற்கு ஒரே வகைக் குரோமோசோம்தான் உண்டு. தகப்பனிடம் இரண்டு வகை. எது வந்து சேர்கிறதோ அதுதான் பிள்ளை. அதை அவனும் பொறுக்கி எடுப்பதில்லை. அம்மா கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

சாயங்காலம் சித்தப்பா வந்தபோது வராந்தாவிலேயே மறித்துக்கொண்டாள்.

"தம்பி, அவகிட்ட இருக்கிறது ஒரே கலர் நூல். ரெண்டு கலரும் உங்ககிட்டதான் இருக்கு. எந்தக் கலர் வந்தாலும் உங்க டப்பாவுலேர்ந்து வந்ததுதான். இப்ப சொல்லுங்க, யாரை வீட்டை விட்டு அனுப்பணும்?"

"நானா அண்ணி பாத்து எடுத்துக் குடுக்கறேன்?"

"இல்ல. நீங்களும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் எடுக்கறீங்க. அப்ப அவளுக்கு மட்டும் எதுக்கு தண்டனை?"

சித்தப்பா சரி என்று சொல்லாமல் வேன் பக்கம் திரும்பி நடந்தார்.

அதற்குப் பிறகு சித்தி தன் இரண்டு பெண்களோடு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அம்மா அளந்து அளந்து சாப்பாடு போட்டாள். பக்குவம் கேட்டு வந்தவர்களிடம், "ஒழுங்கா சாப்பிடு, டாக்டரைப் பாரு. மத்தது உன் கையிலயும் இல்ல, என் கையிலயும் இல்ல" என்றாள். நாலு பையன்காரிக்குத் திமிர், ரகசியத்தை மறைக்கிறாள் என்று அவர்கள் கோபித்துக்கொண்டார்கள். தைக்க வரும் துணியும் கொஞ்சம் குறைந்தது.

பிறந்தது பெண்.

சித்தப்பா வார்டு வாசலிலேயே நின்றுவிட்டார். சித்தி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அம்மா குழந்தையை வாங்கிக்கொண்டு நேரே அவரிடம் போனாள்.

"நாலு தடவை நான் கேட்ட பிள்ளை இவ. அட்ரஸ் மாறி உங்க வீட்டுக்கு வந்திருக்கா. வேண்டாம்னா சொல்லுங்க, இப்பவே எடுத்துட்டுப் போறேன். அப்புறம் வந்து கேக்கக் கூடாது."

அம்மா மிரட்டவில்லை. நிஜமாகவே கொண்டுபோய்விடுவாள் என்பது அவள் குழந்தையைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. சித்தப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். குனிந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தார். "என் மூக்கு" என்றார். கையை நீட்டினார்.

அம்மா உடனே கொடுக்கவில்லை. கொடுத்த பிறகு தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்படி அண்ணி கூப்பிடறது இவளை?" என்றார் சித்தப்பா.

"நீங்களே பாத்து வைங்க. என்கிட்ட ஒரு பேரு இருந்துச்சு, அதுல ஏற்கெனவே ஆள் இருக்கு." அம்மா என்னைப் பார்த்தாள்.

"குடுத்துரும்மா. பழசுதான், ஆனா கிழியல" என்றேன்.

அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

சில நாள் கழித்து சித்தப்பா வேனைக் கொண்டுவந்து சித்தியையும் மூன்று பெண்களையும் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். வேன் கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று, "பாப்பா" என்று கூப்பிட்டாள்.

"என்னம்மா?" என்றேன்.

அவள் என்னைக் கூப்பிடவில்லை.