சைகைக்காரர் சுவிசேஷமுத்து

அப்பா சுவிசேஷமுத்து சிங்கப்பூரின் செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பத்தோரு வருடம் கிரேன் சிக்னல்மேன். கிரேனில் இருப்பவருக்குக் கீழே நடப்பது சரியாகத் தெரியாது. தரையில் நிற்கும் ஒருவரின் கைகளைப் பார்த்துத்தான் இரும்பை இறக்குவார். அந்தக் கைகள் அப்பாவுடையவை.

அவர் ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம், எதிர் அடுக்குமாடி புளோக்கில் ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கம்புகளில் காயும் துணிகள் அவருக்குச் சைகை காட்டத் தொடங்கின. அங்கே குடியிருக்கும் நூர்தீன் மாமா வீட்டுக் கம்பில் சிவப்புத் துண்டு தொங்கினால் ‘நிறுத்து’. அன்று சாப்பிட மாட்டார். இரண்டு வெள்ளைச் சட்டை என்றால் ‘மெல்ல இறக்கு’. அப்போதுதான் சோறு தொண்டையில் இறங்கும்.

ஒருநாள் நூர்தீன் மாமா வீட்டுக் கதவையே தட்டினார். நான் பின்னால் ஓடினேன்.

“தம்பி, லைசென்ஸ் இருக்கா?”

“என்ன லைசென்ஸ் அண்ணே?”

“சிக்னல் குடுக்குறீங்களே. காலையில நிறுத்துன்னீங்க, மத்தியானம் இறக்குன்னீங்க. இப்படிக் குடுத்தா ஆள் செத்துப்போவான் லா.”

“அது என் பேரன் ஸ்கூல் சட்டை அண்ணே.”

அப்பா என் பக்கம் திரும்பினார். “பேரனுக்கும் லைசென்ஸ் இல்ல.”

அந்த மாதம் சிவப்புத் துண்டு தொடர்ந்து தொங்கியது. அப்பா மயங்கி விழுந்தார். இன்னொரு முறை உடம்பு தாங்காது என்றார் டாக்டர். மூளையில் டோபமைனை வாங்கும் ஏற்பிகள் அளவுக்கு மீறி வேலை செய்கின்றன, அதனால் சும்மா கிடக்கும் பொருளும் தனக்கு ஏதோ சொல்வதாகப் படுகிறது, மாத்திரை அவற்றை ஓரளவு மூடும் என்று விளக்கினார். நான் தொழிற்சாலையில் சென்சார் சரிபார்ப்பவள். உணர்திறனைக் கூட்டி வைத்தால் காலித் தொட்டியும் நிரம்பியதாகக் காட்டும். எனக்குப் புரிந்தது.

அப்பா மாத்திரையை விழுங்காமல் மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “சிக்னல் இல்லாம எதையும் இறக்கக் கூடாது நிக்கோல்.”

நான் நூர்தீன் மாமாவிடம் போய்க் கெஞ்சினேன். தினமும் காலை ஏழரைக்கு அவர் இரண்டு வெள்ளைச் சட்டைகளை நீட்டினார். அப்பா விழுங்கினார். மழையிலும் நீட்டினார். “முதல்ல நீங்க டாக்டரைப் பாருங்க,” என்று அவர் மனைவி அவரிடமே சொன்னார்.

ஆறாம் வாரம் அப்பா ஜன்னலில் நின்று சிரித்தார். “கொட்டுற மழையில சட்டை காயப்போடுறாரே, நூர்தீனுக்கு என்ன ஆச்சு?”

மாத்திரை வேலை செய்துவிட்டது. துணி வெறும் துணியானது. இனி சிக்னல் இல்லை. அதனால் மாத்திரையும் இல்லை. இப்படி ஒரு அமைப்பை வேலையிடத்தில் செய்திருந்தால் அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

உண்மையைச் சொன்னேன்.

“அந்தச் சட்டை நீ சொல்லித்தானா?”

“ஆமாப்பா.”

“ஒளிஞ்சு குடுக்குறவன் சிக்னல்மேன் இல்ல. நேர்ல நின்னு குடு.”

மறுநாள் ஏழரைக்கு, வேலையிடத்து மஞ்சள் ஜாக்கெட்டோடு கார் பார்க்கில் நின்றேன். நான்காம் மாடி ஜன்னலில் அப்பா மாத்திரையைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார். நான் விரலைக் கீழ்நோக்கிச் சுழற்றினேன். மாத்திரை நெற்றி, மூக்கு என்று இறங்கியது. ரிவர்ஸில் வந்த ஒரு கார் என் விரலைப் பார்த்துக் குழம்பி நின்றது.

“கை தெளிவா இல்ல!” மேலிருந்து கத்தினார். “முதல்ல இருந்து காட்டு!”

நான்கு வருடம் இப்படியே நடந்தது. ஒருமுறை எனக்குக் காய்ச்சல். கண் விழித்தபோது மணி ஒன்பது. சமையலறைக்கு ஓடினேன்.

“மாத்திரை?”

“முழுங்கிட்டேன்.”

“யாரு சிக்னல் குடுத்தா?”

“யாரும் குடுக்கல. நீ அனத்திக்கிட்டுக் கெடக்க. உனக்குக் கஞ்சி வைக்க நான் தெளிவா இருக்கணும்ல?”

“அப்ப இனி நான் கீழ போக வேணாம்.”

“போம்மா. காலையில கொஞ்சம் வெயில் படட்டும் உன் மேல.”

கடந்த ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, கார் பார்க்கில் கையைத் தூக்கி நின்றேன். ஜன்னலில் அப்பா வரவில்லை. கையை இறக்காமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மேலே ஓடினேன். நாற்காலியில் சாய்ந்திருந்தார். இதயம் நின்றிருந்தது. மேசையில், கிழமைக்கு ஓர் அறை உள்ள மாத்திரைப் பெட்டி திறந்திருந்தது. வியாழன் அறை காலி. என் சிக்னலுக்குக் காத்திராமலே விழுங்கியிருந்தார்.