ஆம்பூர் மாதிரி

அந்த நால்வர் குழுவின் நிகழ்ச்சிகளில் நான் தவறவிட்டவை இரண்டே இரண்டு. ஒன்றின்போது எனக்கு அம்மை போட்டிருந்தது. இன்னொன்று அக்கா மகளின் நிச்சயதார்த்தத்தில் போயிற்று. பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததில் என் பங்கு எவ்வளவு என்று தெரிய வேண்டுமே, அதற்காகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பழைய ஃபைல்களைத் தேடிக் கொடுக்கும் வேலை எனக்கு. அதே பிரிவில் இருந்தவர் குழுவில் பேஸ் கிதார் வாசித்தார்; அவர் கூப்பிட்டுத்தான் முதல் தடவை போனேன். கிதார் வாசித்தவன் ஆம்பூரில் தோல் கம்பெனி சூப்பர்வைசர். நகக்கண்ணில் எப்போதும் சாயத்தின் பழுப்பு ஒட்டியிருக்கும். டிரம்ஸ் அடித்தவன் அவனுடைய தம்பி. கீபோர்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர்.

சினிமாப் பாட்டைத் தொடவே மாட்டார்கள். ஒரு சின்ன மெட்டை எடுத்துக்கொண்டு, அடுத்து என்ன வரும் என்று தங்களுக்கே தெரியாமல் அரை மணி நேரம் போவார்கள். அதற்கு 'ஜாம்' என்று பெயர். "இன்னாடா இது, ஒரே பேஜாரா கீது" என்று கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். மீதியில் சமோசாவுக்காக உட்கார்ந்திருப்பவர்களைக் கழித்தால் நான்தான் மிஞ்சுவேன்.

சாப்பாட்டுப் பைக்குள் டேப் ரெக்கார்டரை வைத்து எடுத்துக்கொண்டு போவேன். முன்வரிசையில் உட்கார்ந்து பதிவு செய்வேன். கிதார்காரன் மேல் எனக்கு ஒரு கண் என்று ஆஸ்பத்திரியில் பேசினார்கள். என்னைவிட ஆறு வயது சின்னவன், வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவன். ஒரு பொம்பளை பாட்டுக்காக மட்டும் பஸ் பிடித்துப் போவாள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆம்பூரில் அவன் கம்பெனியின் ஆண்டு விழாவில் ஒருநாள் வாசித்தார்கள். சாயங்கால வெயில் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. மைதானத்தை ஒட்டி ஒரு மசூதி. தொழுகைக்குக் கூப்பிடும் பாங்கு சொன்னால் மைக்செட்டோ மேளமோ, எதுவானாலும் நிறுத்திவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அன்று வாசிப்பு உச்சத்தில் இருந்தபோது பாங்கு ஆரம்பித்தது. கிதார்காரன் கையைத் தூக்கினான். நால்வரும் நிறுத்தினார்கள். தம்பியின் குச்சிகளில் ஒன்று உருண்டுபோய் மேடைக்குக் கீழே விழுந்தது.

பாங்கு முடிந்ததும் அவன் விட்ட இடத்துக்குப் போகவில்லை. ஒரே ஒரு சுரத்தைத் தொட்டான். அது அடங்கும்வரை காத்திருந்து இன்னொன்றைத் தொட்டான். ஒற்றைக் குச்சியோடு தம்பி உள்ளே வந்தான். மற்ற இருவரும் தயங்கித் தயங்கிச் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த இருபது நிமிஷமும் நான் அழுதுகொண்டிருந்தேன். ஏனென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் என் நாக்கில் சனி ஏறியது. ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் கிதார்காரன் சட்டை நனைந்த கோலத்தில் நேராக என்னிடம் வருவான்.

"எப்டிக்கா இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஆம்பூர் மாதிரி வரல."

ராணிப்பேட்டையிலும் ஆற்காட்டிலும் இதையே சொன்னேன். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற டீச்சரின் முகத்தோடு சொன்னேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. ஆம்பூரில் நான் இருந்தேன், எனக்குத் தெரியும், உங்களுக்கெல்லாம் என்ன தெரியும் என்கிற அற்பச் சுகம்.

குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறவர்களின் சங்க விழா. பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கிதார்காரன் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அதன் தாளத்திலேயே ஆரம்பித்தான். முரட்டு வாசிப்பு. இரண்டு தடவை வழி தவறி, சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். முடித்துவிட்டு மேடையிலிருந்து குதித்து ஓடிவந்தான். அப்படி ஒரு முகத்தை அவனிடம் நான் பார்த்ததில்லை.

"இன்னிக்கு வேற ஒண்ணு மாட்டுச்சுக்கா. கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன். ஆம்பூர் மாதிரி இல்ல."

அவன் முகம் விழுந்துவிட்டது. அடுத்து காட்பாடி நிகழ்ச்சிக்குப் போனபோது புதுக் கேசட் வாங்க எனக்கு மனசு வரவில்லை. குடியாத்தத்தின் மேலேயே பதிவு செய்தேன். மழை வந்து அதுவும் பாதியில் நின்றது.

காட்பாடியில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது அவன் கேட்டான். "அந்த ஆம்பூர் கேசட்ட ஒரு வாட்டி குடுங்கக்கா. அப்டி இன்னாதான் வாசிச்சிட்டோம்னு பாக்குறேன்." பிரதி எடுத்து, மேலே என் கையெழுத்தில் ஊர்ப் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது. கம்பெனியில் ஷிப்ட் மாறியது. குழு பல வருஷம் கூடவேயில்லை. ரெண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் கழித்து, வேலூரில் ஒரு ஹாலில், சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு மறுபடியும் வாசித்தார்கள். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

ஆரம்பம் அருமையாக இருந்தது. ஐந்து நிமிஷத்தில் எனக்கு ஏதோ உறுத்தியது. அடுத்து அவன் விரல் எங்கே போகும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. போயிற்று. அதற்கடுத்ததும் தெரிந்தது. எத்தனை வருஷமாகத் தேய்த்துத் தேய்த்துக் கேட்ட கேசட், தெரியாமல் இருக்குமா?

உச்சத்துக்கு வந்ததும் அவன் கையைத் தூக்கினான். நால்வரும் நிறுத்தினார்கள்.

அது பாங்கு நேரமே இல்லை. ஜன்னல் சாத்திய ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. முடிந்துவிட்டது என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். மேடையில் யாரும் அசையவில்லை. தம்பி ஒரு குச்சியை மெதுவாகக் குனிந்து நாற்காலிக்குக் கீழே வைத்தான். நான் டேப் ரெக்கார்டரை அணைத்தேன். பிறகு அந்த ஒற்றைச் சுரம் வந்தது. எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

முடிந்ததும் வழக்கம்போல் என்னிடம் வந்தான். முன்நெற்றியில் முடி கொட்டியிருந்தது.

"இன்னிக்காவது சொல்லுங்கக்கா. ஆம்பூர் மாதிரி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஆறு மாசம்க்கா! உங்க கேசட்டத்தான் திரும்பத் திரும்பப் போட்டு வாசிச்சோம். பாங்குக்கு எவ்ளோ நேரம் நிறுத்தினோமோ, ஜாஸ்தி கம்மி இல்லாம அதே நேரம். ரெக்கார்டு பண்ணீங்க இல்ல?"

"எங்கிட்டதான் ஏற்கனவே இருக்கே, தம்பி."

அவன் பூரித்துப்போனான். மேடையைப் பார்த்துத் திரும்பி, "கேட்டீங்களா? அக்கா கிட்ட ஏற்கனவே இருக்காம்!" என்று கத்தினான். அவர்கள் மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டுக்கு வந்து, குடியாத்தம் என்பதை அடித்துவிட்டுக் காட்பாடி என்று எழுதியிருந்த கேசட்டைத் தேடி எடுத்தேன். காட்பாடியின் மழைச் சத்தம் முடிந்து ஒரு 'டக்'. அதற்கப்பால், அழியாமல் தப்பிய ஒரு துண்டு. தறிகள் ஓடுகின்றன. கிதார் இரண்டு சுற்று வந்து நிற்கிறது. யாரோ ஒருவன் மேடையிலிருந்து குதித்து ஓடிவருகிறான். மூச்சு வாங்க, "கவனிச்சீங்களா?" என்கிறான். பக்கத்திலேயே, மைக்கை மறைத்துக்கொண்டு, என் குரல் பதில் சொல்கிறது.