செவேரா வீட்டுச் சுவரில் மாட்டிய படம்

ரோமாபுரியில் குடல்கறி விற்கும் செவேராவின் வாய்க்குப் பயப்படாதவர் அந்தத் தெருவில் கிடையாது. அவள் குடியிருந்தது பழைய அரங்கம் ஒன்றின் வளைவுக்குள். எந்தச் சீசர் கட்டியதோ, அவளுடைய பாட்டன் ஒரு கதவைப் போட்டு அடைத்து அதை வீடாக்கிக்கொண்டான். அவ்வளவு பெருமைக்குரிய கல்தான், மழை பெய்தால் நேராக அவள் கட்டிலில் ஒழுகும்.

அவளுக்கு ஒரே ஒரு மனக்குறை. மாதா ஊர்வலத்தன்று எல்லோரும் தங்களிடம் உள்ள நல்ல பட்டுத்துணியையோ படத்தையோ வெளிச்சுவரில் தொங்கவிடுவார்கள். எந்த அலங்காரம் கண்ணைப் பறிக்கிறதோ அந்த வாசலில் மாதாவை இறக்கி வைத்து, தூக்குகிறவர்கள் மூச்சு வாங்குவார்கள். வருஷம் தவறாமல் அந்த யோகம் எதிர்வீட்டு ஜவுளிக்காரி கந்தீதாவுக்குத்தான். செவேராவிடம் தொங்கவிட என்ன இருந்தது? குடலா?

அந்த வருஷம், தினமும் அவள் கடையில் சாப்பிடும் ஓவியர் ஃபூல்வியோ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். அந்தப் பழைய அரங்கத்தை வரைந்து ஓர் ஆங்கிலேயப் பிரபுவிடம் கொண்டுபோயிருக்கிறார். இடிபாடு போதும், இந்தத் தெரு ஜனங்களை எதற்கு வரைந்தாய் என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

"அத எனக்குக் குடு தம்பி, சுவத்துல மாட்டிக்கிறேன்."

"இடிஞ்ச கல்லுக்குள்ளயே குடியிருக்கீங்க. படத்துலயும் அதே கல்லா, அக்கா?"

"ஒழுகாத கல்லு அது ஒண்ணுதானே!"

ஊர்வலத்தன்று காலையிலேயே படத்தை வாசல் மேல் மாட்டிவிட்டாள். கந்தீதா தன் சிவப்பு வெல்வெட்டை உதறிக்கொண்டே பார்த்தாள்.

"ஏண்டி, சுவத்துல இருக்கிற ஓட்டை பத்தாதுன்னு ஓட்டையப் படமா வேற மாட்டிட்டியா?"

தெருவே சிரித்தது. செவேராவுக்கு முதல்முறையாகப் பதில் வரவில்லை. கழற்றிவிடலாமா என்று யோசிப்பதற்குள் மேளச் சத்தம் தெருமுனைக்கு வந்துவிட்டது.

மாதா அசைந்து அசைந்து வந்தாள். வழக்கம்போல வெல்வெட்டை நோக்கித்தான் திரும்பினார்கள். முன்னால் தூக்கிவந்த கறிக்கடைத் தித்தோ திடீரென்று நின்றான்.

"டேய், நில்லுங்கடா! அந்தத் தூணுகிட்ட தொப்பையோட நிக்கிறது நான்தானே?"

"எங்கடா? அட, என் கழுதை!"

மாதாவைச் செவேராவின் வாசலில் இறக்கிவிட்டுப் படத்தை மொய்த்துக்கொண்டார்கள். "நகருங்கப்பா, நேரமாகுது!" என்று விரட்ட வந்த சாமியாரும் எட்டிப் பார்த்தார்.

"நிழல்ல வாயப் பொளந்துட்டுத் தூங்குறானே, யாருப்பா இவன்?"

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவரே உற்றுப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அதற்குப் பிறகு யார் நகர்வார்கள்?

கந்தீதாவுக்கும் பொறுக்கவில்லை. வெல்வெட்டை விட்டுவிட்டுத் தெருவைத் தாண்டி வந்தாள்.

"என்னை மட்டும் காணோமே?"

செவேராவுக்கு வாய் திரும்பக் கிடைத்தது. "நல்லாப் பாரு. எதிர் ஜன்னல்ல தொங்கிக்கிட்டு, எங்க வீட்டுல என்ன வேகுதுன்னு எட்டிப் பாக்குறது யாராம்?"

தெரு மறுபடி சிரித்தது. கந்தீதாவும் சிரித்துவிட்டாள்.

எல்லோரும் படத்தில் தங்களைத் தேடிக்கொண்டிருக்க, செவேரா மட்டும் மாதாவின் காலடியில் மண்டியிட்டாள். கண்ணில் நீர் முட்டியது.

"வாம்மா. இதுதான் என் வீடு. மழைக்குக் கொஞ்சம் ஒழுகும், அத மட்டும் பாத்துக்க."