செந்தில்நாதன் வாத்துகளைப் பற்றிப் பேசினான்

மைசூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் செந்தில்நாதனுக்குப் பேச்சு திக்கும். கடையில் சாமான் கேட்டாலும், போனில் பதில் சொன்னாலும், அவன் தொடங்கிய சொல்லை மனைவி அனுப்ரியாதான் முடித்துவைப்பாள். கல்யாணமானதிலிருந்து அப்படியே பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஊருக்கு வெளியே இருக்கும் ஏரிக்குப் போவார்கள். பறவை பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே விளக்கம் சொல்வது நண்பன் சுரேந்தர். டெலஸ்கோப்பைச் சுமந்து வந்து, பறவையைத் தேடிப் பிடித்துக் காட்டுவது செந்தில்நாதன்.

ஐப்பசி கடைசியில் ஒரு ஞாயிறு. எல்லோரும் கரையில் கூடிய பிறகு சுரேந்தரிடமிருந்து போன் வந்தது.

“காய்ச்சல்டா, எழுந்திருக்கவே முடியல. நீயே நடத்திடு.”

செந்தில்நாதனுக்கு முகம் வெளிறிவிட்டது.

“இன்னொரு நாள் வரச் சொல்லிடலாங்க,” என்றாள் அனுப்ரியா, அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

அவன் ஏரியைப் பார்த்தான். அக்கரைப் புல்லில் பட்டைத்தலை வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. இந்தப் பருவத்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாக வந்திருந்தன.

“வே... வேண்டாம் அனு. அதுங்க வ... வந்திருக்கே.”

டெலஸ்கோப்பை நிறுத்திவிட்டுக் கூட்டத்தின் முன்னால் வந்து கன்னடத்தில் ஆரம்பித்தான். பறவையின் பெயரே முதல் எழுத்தில் மாட்டிக்கொண்டது. யாரோ செருமினார்கள். சொல்லை எடுத்துக்கொடுக்க அனுப்ரியாவின் வாய் தானாகத் திறந்தது. அவள் பக்கம் திரும்பாமலே அவன் கையை உயர்த்தித் தடுத்தான். இதற்கு முன் அவன் அப்படிச் செய்ததே இல்லை.

கண்ணை இறுக மூடி மறுபடி முயன்றான். பெயர் வந்தது. அவை கிளம்பிய மங்கோலியா வந்தது, தாண்டிவந்த இமயமலை வந்தது. எல்லாம் இழுபட்டுத்தான் வந்தன.

“நிதானவாகி ஹேளி சார்,” என்றார் முன்னால் நின்ற கெம்பம்மா டீச்சர். நிதானமாகவே சொல்லுங்கள், கேட்கத்தானே வந்திருக்கிறோம் என்று புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

காற்று மெலிந்துபோகும் உயரத்தில் அந்த வாத்துகள் எப்படி மூச்சுவிடுகின்றன, இரவில் ஏன் பறக்கின்றன என்று கேள்விமேல் கேள்வி வந்தது. ஒன்றையும் அவன் தட்டிக்கழிக்கவில்லை. திக்கல் கடைசிவரை போகவில்லை, அவனும் நிறுத்தவில்லை. இந்த மனுஷனுக்குள் இவ்வளவு பேச்சு இருந்ததா என்று அனுப்ரியா பார்த்துக்கொண்டே நின்றாள். கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

பிறகு எல்லோரும் டீக்கடைக்குப் போனார்கள். தாமதமாக வந்த ஒருவர் அனுப்ரியாவிடம், அங்கே சுற்றி நிற்கிறவர்களுக்கு நடுவில் பேசுகிறவர் யார் என்று விசாரித்தார்.

“நம்ம யஜமானரு,” என்று தன் வீட்டுக்காரரைக் கன்னடத்தில் சொன்னாள் அவள், கடைக்குள் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி.